தமிழ்லதானே சொன்னேன்

நேத்து எங்க காலனிக்கு வந்தது நீங்கதானே சார்? அந்தப் பையைப் பார்த்ததும் நெனச்சேன். உக்காருங்க, இந்தத் தட்டை மடியில வச்சுக்கறேன். சீர்த்தட்டு சார், தாய்மாமன் சீரு. எந் தங்கச்சி மவளுக்கு நாளைக்குக் கல்யாணம்.

வீடு வீடாப் போயிக் கேட்டீங்களாம். வூட்டுல என்ன பாஷை பேசறீங்க, கடையில என்ன பேசறீங்க, சாமி கும்புடும்போது என்ன, சண்டையில என்னன்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டீங்களாம். எங்கிட்ட மட்டும் கேக்கல. தண்ணி டேங்குக்கு எதிர்த்தாப்புல பச்சைக் கதவு போட்ட வீடு, அது என்னுது. அந்த ஆளுக்கு எங்க பாஷை தெரியாது, அங்க போவாதீங்கன்னு சொல்லிட்டாங்களாமே. யார் சொன்னாங்கன்னு நீங்க சொல்ல வேணாம். எனக்குப் பாஷை தெரியாதாம்! காலனியிலயே அந்தப் பாஷையை வரி வரியாத் தமிழ்ல மாத்திச் சொன்ன ஒரே ஆளு இந்தப் பொன்னுரங்கம்தான் சார். அஞ்சு வருஷம் எனக்கு அதுதான் வேலை. போலீஸ் ஸ்டேஷன்ல.

மோட்டார் கொட்டாய் ஸ்டாப்பு வர இன்னும் முக்கா மணி நேரம் ஆவும். அங்கதான் நான் எறங்கணும். கேளுங்க, எழுதிக்கறதுன்னா எழுதிக்குங்க.

எங்க பாஷைக்குப் பேரெல்லாம் கெடையாது. நாங்க நம்ம பேச்சும்போம். ஊர்க்காரங்க திருட்டு பாஷைம்பாங்க. கூடை பின்றவன் கூடை விலையை அதுல பேசினாலும் திருட்டு பாஷைதான். ரெண்டு பேரு பஸ்ஸுல அதுல பேசினா பக்கத்து சீட்டுக்காரன் பையை இறுக்கிக்குவான். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போன் போவும், ஸ்டேஷன்லேர்ந்து ஜீப்பு வரும். அதனால வெளியில நாங்க தமிழ்தான் பேசுவோம். உங்களைவிட மரியாதையாப் பேசுவோம், அஞ்சு வயசுப் புள்ளையக்கூட வாங்க போங்கம்போம். அடி வாங்கிப் பழகின தமிழு சார் அது.

ஆனா ஒரு விஷயம் அவங்க யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. நாங்க நம்ம பேச்சுல பொய் சொல்ல மாட்டோம். தமிழ்ல எவ்வளவு வேணா சொல்லுவோம். கோழியத் திருடினியாடான்னு தமிழ்ல கேட்டா, சத்தியமா இல்லைம்பான், புள்ளை தலையில அடிச்சு இல்லைம்பான். அதையே நம்ம பேச்சுல கேட்டுப் பாருங்க, தலையைத் தொங்கப் போட்டுக்குவான். ஏன்னா செத்தவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, நம்ம பேச்சுதான் தெரியும். அதுல பொய் சொன்னா வூட்டுல ஒரு உசுரு போவும்னு நம்பிக்கை.

இதை இன்ஸ்பெக்டர்கிட்ட நான்தான் சொன்னேன். எட்டாங்கிளாஸ் படிச்சிருக்கேன் சார். ஸ்டேஷன் கூட்டறது, ஜீப்பு கழுவறது, டீ வாங்கியாறதுன்னு உள்ள போனேன். எங்காளுவளைப் புடிச்சாந்து போட்டு மிதிப்பாங்க, அவனுங்க நம்ம பேச்சுல அழுவானுங்க, இவங்களுக்கு ஒண்ணும் புரியாது, புரியலைன்னு இன்னும் நாலு மிதி மிதிப்பாங்க. நான்தான் சொன்னேன், ஐயா, அடிக்காதீங்க, ரெண்டு பேரை ஒண்ணா உள்ள விட்டுட்டு வெளிய வந்துடுங்க, அவனுங்க பேசிக்குவானுங்க, அந்தப் பேச்சுல பொய் வராது, நான் பக்கத்து ரூமுல உக்காந்து கேட்டுச் சொல்றேன். இன்ஸ்பெக்டருக்கு ரொம்ப சந்தோஷம். அன்னையிலேர்ந்து என்னை உள்ள ஸ்டூல்ல உக்கார வச்சாரு. எடுக்காதவனை எடுக்கலைன்னு சொல்லி எத்தனை பேரை அனுப்பி வச்சிருக்கேன் தெரியுமா? அதை எவன் நெனச்சுப் பாக்கறான். எடுத்தவனை எடுத்தான்னும் சொல்லியிருக்கேன், அது வேற. காலனியில போலீஸ் கை படாத முதுகு என்னோட முதுகு ஒண்ணுதான்.

எட்டு வருஷம் முன்ன, அறுப்பு முடிஞ்ச சமயம், மில்லுக்காரர் வூட்டுல கல்யாண நகை காணாமப் போச்சு. அவங்க வூட்டுத் தோட்டத்துக்கு வேலி கட்டினவன் கொளஞ்சி. கொளஞ்சின்னா எந் தங்கச்சி செல்லாயி புருஷன், எனக்கு மாப்ளை. மச்சான் மச்சான்னு எங்கூடவே திரிவான். எலும்பும் தோலுமா இருப்பான், ஆனா நீச்சல்ல மீனு. வேலி கட்டின பாவம், தூக்கியாந்துட்டாங்க.

மூணு நாளு அடிச்சாங்க சார். உங்ககிட்ட சொன்னா உங்களுக்குச் சோறு எறங்காது. மொத நாளு லத்தி. ரெண்டாவது நாளு லாடம் கட்டினாங்க, அப்படின்னா உள்ளங்காலுலயே அடிக்கறது, எந்திரிச்சு நடடாம்பாங்க, நடக்கலைன்னா மறுபடி. மூணாவது நாளு கையைப் பின்னால கட்டி மேல மாட்டினாங்க, ரெண்டு மணிக்கட்டும் வீங்கி வெடிச்ச மாதிரி ஆயிடுச்சு. நான் அதே ரூமுக்கு வெளியில தரையைத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். ரத்தம் காஞ்சா போவாது, ஈரத்துலயே தொடைக்கணும்.

மூணாவது நாளு சாயங்காலம் செல்லாயிக்கு ஆள் அனுப்பி, சோறு கொண்டாரச் சொன்னாங்க. என் யோசனைதான். புருஷன் பொண்டாட்டி பேசிக்கட்டும், நான் கேக்கறேன்னேன். அவ ஊட்டி விட்டா, அவனால மென்னு முழுங்க முடியல. நம்ம பேச்சுல சொன்னான்: நான் எடுக்கல புள்ளை, அன்னைக்கு நான் மணலூரு சந்தையில பன்னி ஏத்திக்கிட்டு இருந்தேன், அந்தச் சந்தைக்காரரைக் கூட்டியா, அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் சொன்னான். இன்னொண்ணும் சொன்னான், மச்சான் வெளியிலதான் இருக்காரு, அவரு பாத்துக்குவாரு, பயப்படாதன்னான்.

நான் போயி அப்படியே சொன்னேன். ஒரு சொல்லுகூட மாத்தல. ஐயா, அவன் எடுக்கல, அந்தப் பேச்சுல சொல்லிட்டான்னேன்.

இன்ஸ்பெக்டர் எந்திரிச்சாரு, கன்னத்துல ஒண்ணு வுட்டாரு. மேலேர்ந்து போன் மேல போன், நகை வந்தாவணும், ரெக்கவரி காட்டாம மில்லுக்காரர் மூஞ்சில முழிக்க முடியாது. உன் மாப்ளைய காப்பாத்தறியாடான்னு கேட்டாரு. ஏட்டையா என்னைப் புடிச்சு அதே ரூமுக்குள்ள இழுத்தாரு. கொளஞ்சியோட காலைப் பாத்தேன். அந்த லத்தியைப் பாத்தேன். என் உள்ளங்காலுல மூணே மூணு அடி. மூணுதான் சார். அடி உதவறாப்புல அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கறது சும்மா இல்ல. நாலாவதுக்குக் கையை ஓங்கினாரு, நான் சொல்லிட்டேன்.

என்ன சொன்னேனா? எடுத்தேன்னு சொல்றான்யா, கெணத்துல போட்டுட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னான்யான்னேன். எந்தக் கெணறுன்னாங்க. வாயில வந்தது மோட்டார் கொட்டாய்க் கெணறு.

இன்ஸ்பெக்டர் சிரிச்சாரு. நீதானடா சொன்ன, அந்தப் பேச்சுல பொய் வராதுன்னு. அப்ப இது உண்மைதானன்னாரு. ஆமாங்கய்யான்னேன்.

நீங்க ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? தமிழ்லதானே சொன்னேன். எங்க வழக்கம் என்னன்னு உங்களுக்கு இப்பத்தான சொன்னேன். தமிழ்ல சொன்னதுக்குக் கணக்கு கெடையாது. எங்கள்ல எவன் போலீசுல தமிழ்ல பொய் சொல்லாம இருந்திருக்கான்? எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். கெணறுன்னா வந்து எட்டிப் பாத்துட்டு, தண்ணி எறைச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைன்னு விட்டுடுவாங்க, அதுக்குள்ள ரெண்டு நாளு அடி ஓயும்னு நெனச்சேன். அவனுக்கு நல்லதுதான் நெனச்சேன்.

மறுநாளு காலையில அவனையே ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்க. என்னையும் ஏத்தினாங்க. நீதானடா போட்ட, நீயே எறங்கி எடுன்னு அவன் இடுப்புல கவுத்தைக் கட்டினாங்க. அவன் என்னைப் பாத்தான். நம்ம பேச்சுல கேட்டான், மச்சான், இவங்ககிட்ட என்ன சொன்னன்னு. நான் பதில் சொல்லல. சொல்லியிருந்தா நம்ம பேச்சுலதான் சொல்லணும், அதுல என்னத்தைச் சொல்றது? பாதி படியிலயே கை வழுக்கிருச்சு. மணிக்கட்டு போன கைக்கு எந்தப் படி நிக்கும்? தண்ணியில வுழுந்தான். மீனு மாதிரி நீஞ்சறவன், ரெண்டு கையும் வேலை செய்யாம காலை மட்டும் ஒதைச்சான். ஏட்டையா கவுத்தை இழுக்காம, முழுவி எடுடா, முழுவி எடுடான்னு மேலேர்ந்து கல்லை விட்டு எறிஞ்சாரு. ஒரு கல்லு தலையில பட்டுது. அப்புறம் இழுத்தாங்க. இழுத்தப்ப கனமா வந்தான்.

தப்பிக்கப் பாத்துக் கெணத்துல குதிச்சுட்டான்னு எழுதினாங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதுவும் தமிழ்லதான்.

நகையா? மில்லுக்காரர் மருமவனே எடுத்து வித்துட்டாராம். ரெண்டு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது. அவங்க வூட்டு விஷயம், கேஸ் வேணாம்னு மூடிட்டாங்க. மருமவன் மேல ஒரு அடி விழல.

காரியம் முடிஞ்சு காலனியில கூட்டம் போட்டாங்க. என்னை நடுவுல நிக்க வச்சாங்க. பொன்னுரங்கம், ஸ்டேஷன்ல என்ன சொன்னியோ அதை நம்ம பேச்சுல சொல்லுன்னாரு எங்க தலைவரு. நான் தமிழ்ல சொன்னேன். நம்ம பேச்சுல சொல்லுன்னாரு. அங்க தமிழ்ல சொன்னதை இங்க தமிழ்லதானே சொல்ல முடியும்னேன். நியாயமா இல்லையா, நீங்க படிச்சவரு, சொல்லுங்க. மூணு தடவை கேட்டாங்க, மூணு தடவையும் அதைத்தான் சொன்னேன். செல்லாயி கூடைக்குப் பட்டை சீவற கத்தியோட வந்தா. கழுத்துக்குத்தான் வீசினா, நான் திரும்பிட்டேன். இந்தக் காதைப் பாருங்க, பாதிதான் இருக்கும். சட்டையெல்லாம் ரத்தம். அவளை நாலு பேரு புடிச்சாங்க. அவ கத்தவேயில்ல, மூச்சு மட்டும் வாங்கினா.

ஊரை விட்டுத் தள்ளுவாங்கன்னு நெனச்சேன். தள்ளல. தலைவரு என்னைப் பாத்துத் தமிழ்ல சொன்னாரு, நீங்க வூட்டுக்குப் போங்க. என்னைவிட இருவது வயசு மூத்தவரு, என்னை நீங்கன்னாரு. அப்ப எனக்குப் புரியல. மறுநாளு தண்ணிக் கொழாயில கேட்டேன், எல்லாரும் தமிழ். டீக்கடையில தமிழ். எங்க போனாலும் நான் வந்து நின்னா பேச்சு நிக்கும், நின்னு தமிழா மாறும். வாங்க, உக்காருங்க, நல்லா இருக்கீங்களா. எட்டு வருஷமா காலனியில எங்கிட்ட ஒரு ஆளு நம்ம பேச்சுல பேசினது கெடையாது. மரியாதைதான், இல்லைங்கல. போலீஸ்காரருக்குக் குடுக்கற மரியாதை.

ஆனா அவங்க சொல்றது எதையும் நம்ப முடியல சார். நல்லா இருக்கீங்களாங்கறான், தமிழ்ல கேக்கறான். மழை வருதுங்கறான், நான் வெளிய வந்து வானத்தைப் பாக்கறேன்.

வூட்டுலயும் அதே கதைதான். எம் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு, கொளஞ்சிக்கு ஒண்ணுவிட்ட அக்கா. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. மூணு பேரும் உள்ள நம்ம பேச்சுல கலகலன்னு பேசிக்கிட்டு இருப்பாங்க, நான் வாசல்ல செருப்பைக் கழட்டினா சாப்புடறீங்களாங்கும் தமிழ். மொத வருஷம் பொறுத்தேன். ஒரு நாளு பொறுக்கல. தலைமுடியைப் புடிச்சு செவுத்துல வச்சு அடிச்சேன். பேசுடி, நம்ம பேச்சுல பேசுடின்னேன். முன்னம்பல்லு ரெண்டு வுழுந்துருச்சு. வாயெல்லாம் ரத்தத்தோட என்னை நிமிந்து பாத்தா. வலிக்குதாடின்னு கேட்டேன். வலிக்கலைங்கன்னா. தமிழ்ல சொன்னா சார். அன்னைக்கு நான்தான் அழுதேன், அவ அழல. அதுக்கப்புறமும் நாலஞ்சு தடவை அடிச்சிருக்கேன், இல்லைங்கல. ஒரு வார்த்தைக்காகத்தான். ஒரு வார்த்தை நம்ம பேச்சுல சொல்லியிருந்தா நான் ஏன் கையை ஓங்கப் போறேன்?

இன்ஸ்பெக்டர் மாறிப் போனாரு, அடுத்து வந்தவரு என்னை வேணாம்னுட்டாரு. இப்ப பஸ் ஸ்டாண்டு கூட்டறேன். ஐயோ பாவம்னா ஆறு மாசம் பாவம்பாங்க, நானும் எத்தனையோ பேருக்குப் பாவம் பாத்தேன், என்னை ஒருத்தன் பாக்கல.

செல்லாயி அப்பவே காலனியை விட்டுட்டு, புருஷன் ஆளுங்க இருக்கற எடத்துக்குப் போயிட்டா. மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்துலதான். எட்டு வருஷம் கழிச்சு, போன செவ்வாக்கெழமை எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கறா. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. வெத்தலை பாக்கு வச்சா. புள்ளைக்குக் கல்யாணம்னா. எங்கள்ல ஒரு வழக்கம் இருக்கு, கல்யாணத்துக்கு முந்தின நாளு செத்தவங்களைக் கூப்புடணும். எங்க செத்தாங்களோ அங்கேயேதான் கூப்புடணும். கெணத்துல செத்திருந்தா, கெணத்துல எறங்கி ஒரு கொடம் தண்ணி மொண்டுக்கிட்டு வரணும், அதைப் பொண்ணோட தாய்மாமன்தான் செய்யணும். வேற ஆளு எறங்கக் கூடாது.

நீங்கதான் எறங்கணும்ண்ணே, பழசையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன், உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லைன்னா. ஆமா, தமிழ்லதான் சொன்னா. எனக்கு அது தோணாமலா இருக்கும்? நம்ம பேச்சுல சொல்லு தாயின்னு கேட்டேன். அவ தரையைப் பாத்தா. பழக்கம் விட்டுப் போச்சுங்கன்னா. போயிட்டா.

மூணு நாளு தூக்கமில்ல சார். போவணும்னு ஒரு மனசு, வேணாம்னு ஒரு மனசு. கொளஞ்சியோட தம்பிங்க ரெண்டு பேரு இருக்கானுங்க, கல்லு ஒடைக்கற ஆளுங்க, அவனுங்கதான் மேல கவுத்தைப் புடிப்பானுங்களாம். பொண்டாட்டிகிட்ட கேட்டேன், போவட்டான்னு. போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆவாதுன்னா. அதுவும் தமிழு. அப்புறம் எப்படி நம்பறது? போவ வேணாம்னு முடிவே பண்ணிட்டேன். நேத்து ராத்திரி இந்தத் தட்டைப் பரண்ல தூக்கி வச்சுட்டுத்தான் படுத்தேன்.

காலையில அவ அடுப்புக்கிட்ட உக்காந்திருந்தா. நான் பல்லு வெளக்கிட்டு உள்ள வந்தேன். என்னை நிமிந்து பாத்தா. அப்புறம் சொன்னா சார்.

நம்ம பேச்சுல சொன்னா. எட்டு வருஷம் கழிச்சு, எங்கிட்ட, நம்ம பேச்சுல! அந்த ஓட்டைப் பல்லு வழியா காத்துப் போவ, என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுச் சொன்னா.

என்ன சொன்னாளா? போவாதன்னா. வேணாம், அங்க போவாதன்னா.

பேசிட்டா சார்! அப்ப தீந்து போச்சுன்னுதானே அர்த்தம்? காலனி விட்டுருச்சு, செத்தவங்க விட்டுட்டாங்க, இல்லைன்னா அவ வாயில அந்தப் பேச்சு வருமா? பெரியவங்க சொல்லாம அவ பேசியிருக்க மாட்டா. செல்லாயி சொன்னதும் மெய்யாத்தான் இருக்கணும். பரண்லேர்ந்து தட்டை எறக்கி, இந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டேன். அவ வாசல் வரைக்கும் ஓடியாந்தா, கையைப் புடிச்சு இழுத்தா, மறுபடியும் அதையேதான் சொன்னா, நம்ம பேச்சுலயே. புள்ளைங்களும் வந்து நின்னு அதுலயே அழுதுச்சுங்க. சந்தோஷம் தாங்கல சார் எனக்கு. சாயங்காலம் வந்து நெறையப் பேசுவோம்னு நானும் நம்ம பேச்சுலயே சொல்லிட்டு வந்திருக்கேன்.

கண்டக்டரே, மோட்டார் கொட்டாய். ஒரு ஆளு எறங்கணும். இந்தத் தட்டைக் கொஞ்சம் புடிங்க சார், எறங்கி வாங்கிக்கறேன். அதோ கொளஞ்சி தம்பிங்க, ரெண்டு பேரும் வந்து நிக்கறானுங்க பாருங்க, என்னை அழைச்சுக்கிட்டுப் போவ.